நிலையத்துக்குப் பின்னால் 67 ஏக்கர்

லண்டனில் யூஸ்டன் சாலையின் வடக்கு ஓரத்தில் இரண்டு பெரிய ரயில் நிலையங்கள், நடுவே ஒரு தெரு அகலம் மட்டும் விட்டு, பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன. கிழக்கே இருப்பது கிங்ஸ் கிராஸ். லூயிஸ் கியூபிட் வடிவமைத்து 1852 அக்டோபரில் திறக்கப்பட்டது. செங்கல்லில் இரண்டு பெரிய வளைவுகள், அவற்றின் நடுவே ஒரு மணிக்கூண்டு, முகப்பு அவ்வளவுதான். மேற்கே இருப்பது செயின்ட் பாங்க்ரஸ். அங்கே 1868இல் ரயில் வந்தது. அதன் முன்னால் ஜார்ஜ் கில்பர்ட் ஸ்காட் எழுப்பிய சிவப்புக் கோபுர ஓட்டல் 1873இல் கதவு திறந்தது. முதலாவதைக் கட்டியது கிரேட் நார்தர்ன் கம்பெனி. இரண்டாவதைக் கட்டியது அதன் போட்டியாளரான மிட்லண்ட் கம்பெனி. இன்று இரண்டு நிலையங்களின் அடியிலும் ஆறு சுரங்க ரயில் தடங்கள் சந்திக்கின்றன. எடின்பரோவுக்குப் போகிறவரும் பாரிஸுக்குப் போகிறவரும் ஒரே சதுக்கத்தில் நடக்கிறார்கள்.

வருகிறவர்கள் கூரைகளைப் படம் எடுக்கிறார்கள். கூரைகளும் அதற்குத் தகுதியானவைதான். ஆனால் இந்த இடத்தின் மறுசீரமைப்பைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், இரண்டு நிலையங்களின் முதுகுக்குப் பின்னால் வடக்கே கிடந்த 67 ஏக்கர் சரக்கு நிலத்தைப் பார்க்க வேண்டும். அரசு பணம் போட்டு ரயில் வசதியைப் பெருக்கினால் சுற்றியிருக்கும் நிலத்தின் விலை ஏறும். அந்த ஏற்றம் யார் கைக்குப் போய்ச் சேர வேண்டும்? பழைய நிலையமொன்றைப் புதுப்பிக்கும் எந்தத் திட்டத்திலும் உயிரான கேள்வி இது. கட்டடக்கலை, போக்குவரத்து, பாரம்பரியம் எல்லாம் இதைச் சுற்றித்தான் நகர்கின்றன. வடிவமைப்பில் கிங்ஸ் கிராஸ் உலகத்துக்கே முன்மாதிரி என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. பங்கீட்டில் அதை அப்படிச் சொல்ல முடியவில்லை.

நிலத்திலிருந்தே தொடங்கலாம். ரீஜண்ட்ஸ் கால்வாய் 1820இலேயே இந்தப் பகுதியைக் கடந்து சென்றது. கிரேட் நார்தர்ன் கம்பெனி தன் சரக்கு முனையத்தைக் கால்வாயை ஒட்டி அமைத்ததற்குக் காரணம் அதுவே. லிங்கன்ஷயர் கோதுமையைச் சேமிக்க ஆறு மாடித் தானியக் கிடங்கு ஒன்றை, நிலையத்தை வடிவமைத்த அதே கியூபிட் கட்டினார். கால்வாய்ப் படகுகள் கிடங்கின் அடிவரைக்கும் வந்து மூட்டை ஏற்றிச் சென்றன. வடக்குச் சுரங்கங்களிலிருந்து வந்த நிலக்கரி, உயரமான மேடைமேல் ஓடிய வேகன்களின் அடிப்பலகை திறந்து தொட்டிகளில் கொட்டும். கீழே நிற்கும் குதிரை வண்டிகள் அதை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குப் போகும். பக்கத்தில் எரிவாயுக் கலன்கள், உருளைக்கிழங்குச் சந்தை. லண்டன் சமைத்ததும் குளிர்காய்ந்ததும் பெருமளவு இந்த ஏக்கர்களின் தயவில்தான்.

செயின்ட் பாங்க்ரஸின் வடிவத்தைத் தீர்மானித்ததும் சரக்குதான். மிட்லண்ட் கம்பெனியின் தண்டவாளம் கால்வாயின் மேலாக வந்ததால் நடைமேடைகள் சாலை மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறு மீட்டர் உயரத்தில் அமைய வேண்டியிருந்தது. கீழே கிடைத்த இடத்தை மண் போட்டு நிரப்பாமல், பர்ட்டன் நகரத்துப் பீர் பீப்பாய்களை அடுக்கும் நிலவறையாக்கினார் பொறியாளர் வில்லியம் பார்லோ. நூற்றுக்கணக்கான இரும்புத் தூண்களுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது என்பதைப் பீப்பாயின் அளவே முடிவு செய்தது. மேலே கூரையை ஒரே தாவலில் ஏறத்தாழ 73 மீட்டர் அகலத்துக்கு வளைத்தார். வளைவின் இரு காலும் விலகிப்போகாமல் இழுத்துப் பிடிப்பது நடைமேடைத் தளத்தின் இரும்பு விட்டங்களே. அதனால் உள்ளே ஒரு தூண்கூட இல்லை. 130 ஆண்டுகள் கழித்து 400 மீட்டர் நீள யூரோஸ்டார் ரயில்களுக்காக உள்ளே தடங்களை மாற்றி அமைக்க வேண்டி வந்தபோது இந்தத் தூணில்லா அகலம் பெரும் வசதியாயிற்று. பீப்பாய் நிலவறைதான் இன்று பயணிகள் சோதனை முடித்துக் காத்திருக்கும் கூடமும் கடைத்தெருவும். நூறு ஆண்டுக்குப் பின்னும் வேறு வேலைக்குப் பயன்படும்படி ஒரு கட்டமைப்பைச் செய்துவைப்பதுதான் மிகச் சிறந்த திட்டமிடல் என்று நினைக்கிறேன். பார்லோ அதை எண்ணிச் செய்யவில்லை. ஆனால் வலுவாகவும் தாராளமாகவும் செய்தார்.

இதற்கு விலை கொடுத்தவர்கள் உண்டு. தடம் போடுவதற்காக ஏகார் டவுன் என்ற ஏழைகளின் குடியிருப்பு முழுவதும் தரைமட்டமாயிற்று. சோமர்ஸ் டவுனில் ஒரு பகுதியும் போயிற்று. வாடகைக்குக் குடியிருந்த ஆயிரக்கணக்கானோருக்கு இழப்பீடு எதுவுமில்லை. பழைய செயின்ட் பாங்க்ரஸ் தேவாலயத்தின் இடுகாட்டிலிருந்து உடல்களைத் தோண்டி மாற்றும் வேலையை மேற்பார்வையிட்டவர்களில், பின்னாளில் நாவலாசிரியராகப் புகழ்பெற்ற தாமஸ் ஹார்டியும் ஒருவர். அப்போது அவர் கட்டடக் கலைஞர் ஒருவரிடம் உதவியாளராக இருந்த இளைஞர். நிலைய வரலாறுகளை எழுதுகிறவர்கள் ஏகார் டவுனை ஒரு வரியில் கடந்துவிடுவது வழக்கம். அந்த ஒரு வரிக்குள் இருக்கும் அநீதி, ஒன்றரை நூற்றாண்டு கழித்து வேறு உருவத்தில் திரும்பி வருவதைப் பின்னால் பார்ப்போம்.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் சாலைப் போக்குவரத்து சரக்கைப் பறித்துக்கொண்டது. கிடங்குகள் காலியாயின. ஸ்காட்டின் ஓட்டல் 1935இலேயே மூடப்பட்டு ரயில்வே அலுவலகமாகியிருந்தது. 1961-62இல் பக்கத்து யூஸ்டன் நிலையத்தின் 1837ஆம் ஆண்டுக் கல் வளைவை, எத்தனையோ பேர் மன்றாடியும், பிரிட்டிஷ் ரயில்வே இடித்துத் தள்ளியது. அடுத்து 1966இல் செயின்ட் பாங்க்ரஸையும் கிங்ஸ் கிராஸையும் இணைத்துவிடலாம் என்ற யோசனை கிளம்பியது. இணைத்தால் ஒன்று இடிபடும். கவிஞர் ஜான் பெட்ஜெமனும் கலை வரலாற்றாசிரியர் நிகோலஸ் பெவ்ஸ்னரும் விக்டோரியா காலக் கட்டடங்களுக்கான சங்கத்தோடு நின்று போராடினார்கள். 1967 நவம்பரில் செயின்ட் பாங்க்ரஸ் முதல் தரப் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தது. கிங்ஸ் கிராஸ் 1954இலேயே பட்டியலில் இருந்தது. யூஸ்டன் வளைவை இழந்த வலிதான் பக்கத்து நிலையத்தைக் காப்பாற்றியது.

பாரம்பரியப் பாதுகாப்பு வளர்ச்சிக்குத் தடை என்று சொல்கிறவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு. இங்கே நடந்தது நேர்மாறு. இடிக்கக் கூடாத நிலையங்கள், கிடங்குகள், கலன்களின் இரும்புக் கூடுகள் ஆகியவை முளையடித்ததுபோல் நிலத்தில் நின்றதால், எந்தத் திட்டம் வந்தாலும் அவற்றைச் சுற்றித்தான் தெருக்களைப் போட வேண்டியிருந்தது. இன்னொரு கட்டுப்பாடும் இருந்தது: பார்லிமென்ட் ஹில் குன்றிலிருந்து செயின்ட் பால் தேவாலயத்தின் குவிமாடத்தைப் பார்க்கும் பார்வைக்கோடு இந்த நிலத்தின் மேலாகச் செல்வதால் உயரக் கட்டடங்களுக்கு வரம்பு விழுந்தது. அந்த இடம் இன்று அடையாளம் தெரியாத கண்ணாடிக் காடாக மாறாமல் தப்பியதற்கு இந்த இரண்டு தடைகளும் முக்கியக் காரணம்.

1987 இரண்டு விதத்தில் திருப்புமுனை ஆண்டு. நவம்பர் 18ஆம் தேதி மாலை, கிங்ஸ் கிராஸ் சுரங்க ரயில் நிலையத்தில் பிக்கடிலி தடத்திலிருந்து மேலே வரும் மரத்தாலான நகரும் படிக்கட்டின் அடியில், அணையாத தீக்குச்சி ஒன்றிலிருந்து தீ பிடித்தது. பல ஆண்டு மசகும் குப்பையும் அங்கே சேர்ந்து கிடந்தன. சாய்வான படிக்கட்டுப் பள்ளத்துக்குள் தீ தரையோடு படுத்து மேல்நோக்கிப் பாய்ந்து, நுழைவுச்சீட்டுக் கூடத்தில் வெடித்தது. 31 பேர் மாண்டார்கள். டெஸ்மண்ட் ஃபென்னல் தலைமையிலான விசாரணை 157 பரிந்துரைகளைத் தந்தது. மரப் படிக்கட்டுகளை அகற்றுவதும் ஊழியர் பயிற்சியும் அவற்றில் அடங்கும். கூடத்தின் நெரிசலும் கேள்விக்குள்ளானது. ஆனால் கூடுதல் கொள்ளளவுக்கான வடக்குக் கூடம் முழுமையாகத் திறந்தது 2009 நவம்பரில். இடையில் 22 ஆண்டுகள். பாதுகாப்புக்கென்று மட்டும் கேட்டால் பணம் வருவதில்லை, பெரிய மறுசீரமைப்பின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் வருகிறது என்பதை இதைவிடக் கசப்பாகச் சொல்ல முடியாது.

அதே ஆண்டில் பிரிட்டிஷ் ரயில்வே நிலத்தை வளர்த்தெடுக்கத் தனியாரை அழைத்தது. ரோஸ்ஹா ஸ்டான்ஹோப்பும் நேஷனல் ஃப்ரெய்ட் நிறுவனமும் சேர்ந்த கூட்டமைப்பு தேர்வாயிற்று. நார்மன் ஃபாஸ்டர் முதன்மைத் திட்டம் வரைந்தார். நடுவில் முட்டை வடிவப் பூங்கா, சுற்றிலும் அலுவலகங்கள், வடக்கில் இரண்டு கோபுரங்கள். ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயிலுக்குக் கிங்ஸ் கிராஸின் அடியில் ஆழத்தில் ஒரு பன்னாட்டு நிலையம். அதற்காகத் தனி மசோதாவே நாடாளுமன்றத்துக்குப் போனது. அது நிறைவேறியிருந்தால் கேம்லி தெருவின் இயற்கைப் பூங்காவும் போயிருக்கும். பழைய நிலக்கரிக் கிடங்கு மனையில், 1980களில் அக்கம்பக்கத்தாரும் லண்டன் வனவிலங்கு அறக்கட்டளையும் போராடி உருவாக்கிய சின்னஞ்சிறு குளமும் மரங்களும் அது.

எதிர்ப்பு ஒருங்கிணைந்தது. குடியிருப்போர் சங்கங்களும் சிறு வணிகர்களும் சேர்ந்து கிங்ஸ் கிராஸ் ரயில்வே நிலக் குழுவைத் தொடங்கினார்கள். வேண்டாம் என்று சொல்வதோடு நிற்காமல், கட்டுபடியாகும் வாடகையில் வீடுகளும் சிறு பட்டறைகளும் கொண்ட மாற்றுத் திட்டங்களை அவர்கள் வரைந்து காட்டினார்கள். லண்டன் பல்கலைக்கழகத் திட்டமிடல் ஆசிரியர்கள் சிலர் துணை நின்றார்கள். இந்தக் குழுதான் ஃபாஸ்டர் திட்டத்தைத் தோற்கடித்தது என்று சொன்னால் அது மிகை. 1990களின் தொடக்கத்தில் அலுவலகச் சந்தை சரிந்தது. ரோஸ்ஹா 1992இல் திவாலானது. ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயிலின் பாதை கிழக்கே ஸ்ட்ராட்ஃபோர்டு வழியாகத் திரும்பி, முனையம் செயின்ட் பாங்க்ரஸ் என்று முடிவாயிற்று. அடித்தளமே நகர்ந்துவிட்டால் மேலிருக்கும் திட்டம் என்ன ஆகும்? ஆனால் சந்தை சரியும்வரை காலத்தை இழுத்துப் பிடித்ததில் குழுவுக்குப் பெரிய பங்குண்டு. அடுத்து வந்த ஒவ்வொரு பேச்சுவார்த்தையிலும் இந்த முதல் தோல்வியின் நினைவு மேசைமேல் இருந்தது.

1996இல் ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்க ரயில் இணைப்புச் சட்டம் நிறைவேறியது. பாதையைக் கட்டும் பொறுப்பேற்ற லண்டன் அண்ட் கான்டினென்டல் ரயில்வேஸ் நிறுவனத்துக்குக் கிங்ஸ் கிராஸ் நிலமும் உதவியாகக் கொடுக்கப்பட்டது. கணக்கு எளிமையானது: பாதை வந்தால் நிலம் விலையேறும், அந்த லாபத்தில் பாதைச் செலவின் ஒரு பகுதியை ஈடுகட்டலாம். 2000இல் அந்த நிறுவனமும், நேஷனல் ஃப்ரெய்ட்டின் வாரிசான எக்செல்லும் சேர்ந்து ஆர்ஜென்ட் என்ற மனை மேம்பாட்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தன. பர்மிங்காமில் பிரிண்ட்லி பிளேஸ் என்ற கால்வாயோர வளாகத்தைக் கட்டிப் பெயர் வாங்கியிருந்த நிறுவனம் அது. அதன் பின்னணியில் பிரிட்டிஷ் டெலிகாமின் ஓய்வூதிய நிதி இருந்தது. ஓய்வூதிய நிதிக்கு இருபது ஆண்டு என்பது நீண்ட காலமல்ல. அடுத்த காலாண்டு லாபத்தை எதிர்பார்க்கும் முதலீட்டாளர்களோடு இப்படிப்பட்ட நிலத்தில் இறங்கினால் என்ன ஆகும் என்பதை ரோஸ்ஹா காட்டியிருந்தது.

அடுத்த ஆறு ஆண்டுகளில் நடந்ததுதான் கிங்ஸ் கிராஸ் கதையின் மிகச் செழுமையான பகுதி. கட்டடப் படங்களோடு ஆர்ஜென்ட் வரவில்லை. 2001 ஜூலையில், மனிதர்களுக்கேற்ற நகரம் எப்படி இருக்க வேண்டும் என்று பத்துக் கொள்கைகளை மட்டும் அச்சிட்டு வெளியிட்டது. அந்தப் பகுதியின் உள்ளாட்சியான கேம்டன் மன்றமும் தன் பக்கத்தில் தேவைகளின் பட்டியலை எழுதியது. முதலில் கொள்கை, பிறகு தெருக்களின் அமைப்பு, பிறகுதான் எத்தனை சதுர அடி, எத்தனை வீடு என்ற எண்கள். எண்ணில் தொடங்கியிருந்தால் முதல் மாதத்திலேயே சண்டையாகியிருக்கும். அப்போது கேம்டனின் திட்டமிடல் துறைக்குத் தலைமை வகித்த பீட்டர் பிஷப், பின்னாளில் லெஸ்லி வில்லியம்ஸோடு சேர்ந்து இந்தப் பேச்சுவார்த்தையைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். ஆர்ஜென்ட்டின் தலைமைச் செயல் அலுவலர் ராஜர் மேட்லின் சைக்கிளில் சென்று பள்ளிகளிலும் சங்கங்களிலும் பேசியது அந்த வட்டாரத்தில் பலருக்கும் நினைவிருக்கும் செய்தி.

ஆலிஸ் அண்ட் மாரிசன், போர்ஃபிரியோஸ் அலுவலகங்கள் வரைந்த முதன்மைத் திட்டத்தில் கட்டடங்களைவிட அவற்றின் நடுவிலிருக்கும் இடம் முதன்மை. பத்துப் பொதுவெளிகள், இருபது புதிய தெருக்கள், புதுப்பிக்கப்படும் இருபது பழைய கட்டடங்கள், ஐம்பது புதியவை, ஏறத்தாழ 2,000 வீடுகள். தெருக்களின் கோடும் கட்டடங்களின் உயர வரம்பும் உறுதியாக வரையறுக்கப்பட்டன. எந்த மனையில் அலுவலகம், எதில் வீடு என்பதில் ஓரளவு நெகிழ்வு விடப்பட்டது. இருபது ஆண்டில் சந்தை எத்தனை முறை புரளும் என்று யாராலும் சொல்ல முடியாது. உறுதியாக வைக்க வேண்டியது எது, விட்டுக்கொடுக்கக்கூடியது எது என்று பிரித்த அறிவுதான் இத்திட்டத்தின் உண்மையான கண்டுபிடிப்பு.

2004 மே மாதம் விண்ணப்பம் போனது. 2006 மார்ச்சில் கேம்டன் குழு ஒப்புதல் தந்தது. இரண்டு மாதத்தில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் மன்றத்தின் ஆட்சியே மாறியது; அனுமதி நிலைத்தது. ரயில்வே நிலக் குழு நீதிமன்றம் சென்று 2007இல் தோற்றது. அந்த வழக்கை வீண்வேலை என்று நான் கருதவில்லை. அனுமதியோடு இணைந்த ஒப்பந்தத்தில் பள்ளி, கட்டுமானத் தொழிற்பயிற்சி மையம், உள்ளூர் வேலைவாய்ப்பு அலுவலகம் ஆகியவை இடம்பெற்றதற்குப் பின்னால் இருபதாண்டு உள்ளூர் அழுத்தம் இருந்தது.

2008இல் உலக நிதிச் சந்தை சரிந்தபோது இந்தத் திட்டமும் நின்றிருக்க வேண்டும். நிற்கவில்லை. தானியக் கிடங்குக்கு சென்ட்ரல் செயின்ட் மார்டின்ஸ் கலைக் கல்லூரி வர அதே ஆண்டில் ஒப்புக்கொண்டது. 2011இல் ஆயிரக்கணக்கான மாணவர்கள் அங்கே குடிபுகுந்தார்கள். கோதுமை கிடந்த மாடிகளில் இப்போது ஆடை வடிவமைப்பும் சிற்பமும் நடக்கின்றன. முன்னால் கால்வாயை நோக்கிச் சரியும் சதுக்கத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நீரூற்றுக் குழாய்கள். வெயில் காலத்தில் சுற்றுவட்டாரக் குழந்தைகள் அதில் நனைந்துகொண்டிருப்பார்கள். அலுவலகத்துக்கு ஆள் வருவதற்கு முன்பே மாணவர்களையும் குழந்தைகளையும் வரவழைத்தது நல்ல வணிக மூளை. நல்ல நகரத் திட்டமிடலும் அதுவே. பிறகு கூகுள் வந்தது. 330 மீட்டர் நீளத்தில், தரைமேல் படுத்த வாக்கில் ஒரு தலைமையகம் கட்டியது. கேம்டன் மன்றமும் 2014இல் தன் அலுவலகத்தை இங்கேயே மாற்றி, அதே கட்டடத்தில் நூலகமும் நீச்சல் குளமும் வைத்தது.

எல்லாப் பழமையும் தப்பவில்லை. எரிவாயுக் கலன்களின் பின்னிப்பிணைந்த மூன்று இரும்புக் கூடுகளை, ரயில் பாதை வேலைக்காக 2001இல் பிரித்து, யார்க்ஷயரில் பழுதுபார்த்து, கால்வாய்க்கு அக்கரையில் மறுபடி நிறுத்தி, உள்ளே அடுக்குமாடி வீடுகள் கட்டினார்கள். அந்த உழைப்பு வியக்கவைப்பது. ஆனால் உழைப்பாளிகளுக்காக 1860களில் கட்டப்பட்ட ஸ்டான்லி குடியிருப்புகளில் எஞ்சியிருந்த இரண்டில் ஒன்றை இடித்தார்கள். ரயில்வே தன்னால் வீடிழந்தவர்களுக்காக 1890களில் கட்டிய கல்ராஸ் குடியிருப்பு 2008இல் முழுவதும் போயிற்று. இரும்புக் கூட்டுக்குக் கிடைத்த கவனம் ஏழைகளின் வீட்டுக்குக் கிடைக்கவில்லை. பாரம்பரியம் என்று எதை எண்ணுகிறோம் என்பதிலேயே ஒரு வர்க்கப் பார்வை ஒளிந்திருக்கிறது.

நிலையத்தின் கட்டடத்துக்கு வருவோம். கிங்ஸ் கிராஸின் முகப்பை 1970களின் தொடக்கத்தில் தாற்காலிகம் என்று சொல்லிக் கட்டிய ஒரு பச்சைக் கூரைக் கூடம் நாற்பது ஆண்டு மறைத்துக்கொண்டிருந்தது. அதை அகற்ற வேண்டுமானால் பயணிகள் நிற்க வேறு இடம் வேண்டும். ஜான் மக்காஸ்லன் அலுவலகமும் அரப் பொறியாளர்களும் மேற்குப் பக்கத்தைத் தேர்ந்தார்கள். அங்கே 1854ஆம் ஆண்டின் கிரேட் நார்தர்ன் ஓட்டல் வளைந்து நிற்கிறது. அடியில் சுரங்க ரயிலின் புதிய கூடம். இந்தப் பக்கம் எடை ஏற்றக் கூடாத முதல் தரப் பாரம்பரியச் சுவர். ஆகவே பழைய சுவரின்மேல் சாயாமல், நடுவில் ஒரு இரும்பு மரமும் விளிம்பில் பதினாறு தூண்களுமாகக் கூரையை அரைவட்டமாக விரித்தார்கள். 2012 மார்ச்சில், ஒலிம்பிக்குக்குச் சில மாதம் முன்பு அது திறந்தது. நிலையத் திட்டத்தின் மொத்தச் செலவு ஏறத்தாழ 55 கோடி பவுண்ட். அடுத்த ஆண்டு பச்சைக் கூடம் போய், கியூபிட்டின் இரண்டு வளைவுகளும் சதுக்கத்தின் எதிரே முழுதாகத் தெரிந்தன. நிலையம் இயங்கிக்கொண்டிருக்கும்போதே இத்தனையும் நடந்தது என்பதைப் பொறியியலில் ஈடுபாடுள்ளவர்கள் கவனிக்க வேண்டும்.

இனி பங்கீடு. ஆங்கிலக் கால்வாய்ச் சுரங்கத்துக்கான அதிவேகப் பாதைக்கு ஏறத்தாழ 600 கோடி பவுண்ட் செலவு. முதல் சில ஆண்டுகளிலேயே யூரோஸ்டார் பயணிகள் எண்ணிக்கை கணிப்புக்குக் கீழே விழுந்ததால் 1998இல் அரசு உத்தரவாதம் கொடுத்துத் தாங்கிப் பிடித்தது. 2009இல் லண்டன் அண்ட் கான்டினென்டல் நிறுவனமே முழுதாக அரசுடைமையானது. ஆகவே கிங்ஸ் கிராஸ் நிலத்தில் அதற்கிருந்த 36.5 விழுக்காடும் மக்களின் சொத்து. 2016 ஜனவரியில் அந்தப் பங்கை 37.1 கோடி பவுண்டுக்கு ஆஸ்திரேலியத் தொழிலாளர் ஓய்வூதிய நிதியான ஆஸ்திரேலியன்சூப்பருக்கு அரசு விற்றது. அப்போது திட்டம் பாதிதான் முடிந்திருந்தது. அதன்பின் வந்த வாடகை, அதன்பின் ஏறிய விலை எதிலும் பிரிட்டிஷ் மக்களுக்குப் பங்கில்லை. இருபது ஆண்டு பொறுத்திருந்து மண்ணைப் பொன்னாக்கிய பிறகு அறுவடைக்கு முன் விற்றுவிட்டு எழுந்துபோவதற்கு, கடன் சுமையைக் குறைக்கிறோம் என்பதைத் தவிர வேறு நியாயம் சொல்லப்படவில்லை. ஆஸ்திரேலியத் தொழிலாளியின் ஓய்வூதியம் இந்த வாடகையில் வளர்வதில் எனக்கு வருத்தமில்லை. அந்த வாய்ப்பு அக்கம்பக்கத்துச் சோமர்ஸ் டவுன்காரருக்கு இல்லாமல் போனதில் வருத்தம் உண்டு.

வீடுகளிலும் இதே கதை. 2006 ஒப்பந்தத்தில், சந்தை விலைக்குக் கீழான வீடுகளின் பங்கு நாற்பது விழுக்காட்டைத் தாண்டியிருந்தது. அரசு மானியம் சுருங்கியதைக் காட்டிப் பின்னாளில் அது குறைக்கப்பட்டது. நெகிழ்வு என்பது திட்டத்தின் பலம் என்று மேலே எழுதினேன். அந்த நெகிழ்வு வீட்டு எண்ணிக்கையைத் தொட்டபோது அது எப்போதும் ஒரே திசையில்தான் வளைந்தது. நிலம் விலை ஏறினால் வீட்டுப் பங்கும் தானாக ஏற வேண்டும் என்ற விதியை யாரும் முன்கூட்டி உறுதியாக எழுதிவைக்கவில்லை.

தெருக்களின் உடைமை அடுத்தது. புதிய தெருக்களும் சதுக்கங்களும் பொதுவெளியாகத் தெரிகின்றன. சட்டப்படி அவை தனியார் வளாகம். 2019 ஆகஸ்டில், வளாகத்தின் இரண்டு கேமராக்களில் 2016 முதல் 2018 வரை முகம் அடையாளம் காணும் தொழில்நுட்பம் பயன்பட்டதாகச் செய்தி வெளியானது. நடந்துபோன யாருக்கும் அது தெரியாது. தகவல் ஆணையர் விசாரணை தொடங்கினார். தொழில்நுட்பம் கைவிடப்படுவதாக அடுத்த மாதம் அறிவிப்பு வந்தது. மன்றத்தின் தெருவாக இருந்திருந்தால், அதை வைப்பதற்கு முன்பே யாராவது ஓர் உறுப்பினர் எழுந்து கேட்டிருப்பார்.

சென்னை வாசகருக்கு இது தூரத்துச் செய்தியல்ல. ஹென்றி இர்வின் வடிவமைத்து 1908இல் திறந்த எழும்பூர் நிலையத்தின் மறுசீரமைப்புக்கு 2022 மே 26ஆம் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. மதுரை, ராமேஸ்வரம், காட்பாடி, கன்னியாகுமரி நிலையங்களுக்கும் அன்றே. எழும்பூருக்கு மட்டும் ஏறத்தாழ 735 கோடி ரூபாய். இந்திய ரயில்வேயின் நிலத்தை வணிகப் பயன்பாட்டுக்குக் கொடுக்கத் தனி ஆணையமே இருக்கிறது. சிவப்பும் வெள்ளையுமான குவிமாடங்கள் பத்திரமாக இருக்குமா என்று நாம் கவலைப்படுகிறோம். அது சரியான கவலை. சுற்றியுள்ள மனைகளில் என்ன வரும், அதன் வருவாயில் நகரத்துக்கு என்ன பங்கு, காந்தி இர்வின் சாலையோரம் பிழைப்பவர்கள் எங்கே போவார்கள் என்ற கேள்விகளையும் அதே உரத்த குரலில் கேட்க வேண்டும்.

லண்டனில் கிங்ஸ் கிராஸ் ஏறத்தாழ முடிந்துவிட்டது. இப்போது பார்வை முழுவதும் மேற்கே யூஸ்டன்மேல் இருக்கிறது. அதே கேம்டன் மன்றத்தின் எல்லைக்குள், எச்எஸ்2 என்ற புதிய அதிவேகப் பாதையின் முனையம் அங்கே வர வேண்டும். ரீஜண்ட்ஸ் பார்க் எஸ்டேட்டில் மன்றத்தின் குடியிருப்புத் தொகுதிகள் சிலவற்றை ஏற்கெனவே இடித்தாயிற்று. செயின்ட் ஜேம்ஸ் தோட்டத்து இடுகாட்டிலிருந்து பல்லாயிரம் எலும்புக்கூடுகளை எடுத்தாயிற்று. ஹார்டி பார்த்த அதே காட்சி, ஒரு கிலோமீட்டருக்குள். 2023 மார்ச்சில் நிலைய வேலை நிறுத்தப்பட்டது. அக்டோபரில் அன்றைய பிரதமர் ரிஷி சுனக், யூஸ்டன் நிலையம் தனியார் முதலீட்டை நம்பித்தான் வரும் என்று அறிவித்தார். அடுத்த ஆண்டு அக்டோபரில் புதிய அரசு, யூஸ்டன் வரையிலான சுரங்கத்துக்குப் பணம் ஒதுக்கியது. நிலையத்துக்கு நிலத்தின் வருவாயைத்தான் இன்னமும் பெரிதும் நம்பியிருக்கிறார்கள். கிங்ஸ் கிராஸில் நிலம் ரயிலுக்கு உதவியாக வந்தது. யூஸ்டனில் நிலம்தான் நிலையத்தையே கட்ட வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். அந்த நிலையில் தனியார் கேட்கும் உயரமும் நெரிசலும் பல மடங்காக இருக்கும். மன்றத்தின் பேரம்பேசும் வலிமை குறைவாக இருக்கும். பொதுப் பங்கைக் குறித்த ஆண்டுகளுக்குள் விற்கக் கூடாது, தெருக்கள் மன்றத்தின் உடைமையாகவே இருக்க வேண்டும், நிலம் விலை ஏற ஏற வீட்டுப் பங்கும் ஏற வேண்டும் என்ற மூன்று விதிகளையும் முதலீட்டாளரைத் தேர்வதற்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கியாக வேண்டும். தேர்ந்தெடுத்த பிறகு அவற்றை எழுத எந்த முதலீட்டாளரும் ஒத்துக்கொள்ள மாட்டார்.